அறிமுக வாரத்திலேயே விலகிவிடலாமா?

திருத்துறைப்பூண்டி நண்பருக்கு,

ஊடக உளவியல் முதுகலையில் சேர்ந்த வாரமே, "கூடப் படிப்பவர்கள் சினிமா, விளம்பர அனுபவம் பேசுகிறார்கள், ஆராய்ச்சி ஆர்வம் என்னவென்று கேட்டபோது எனக்கு வாயே வரவில்லை, விலகிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நான் மன்னார்குடிக்காரன், இதே படிப்பை முடித்தவன். அந்த வாரத்தில் அதிகம் பேசுகிறவர்களில் பாதிப் பேர் பயத்தில்தான் பேசுவார்கள்.

உங்கள் ஊர் டீக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். மேட்டூர் அணைச் செய்தி வந்தால் மற்றவர்கள் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "ஜூன் 12 திறப்பாங்களாம், ஆனா கடைமடைக்கு வந்து சேராது" என்று அவர் உதட்டைப் பிதுக்கினால், குறுவை வேண்டாம் என்று அங்கேயே சிலர் முடிவு செய்துவிடுவார்கள். 1940 அமெரிக்கத் தேர்தலை ஆராய்ந்த சமூகவியலாளர் லாசர்ஸ்ஃபெல்ட் குழுவினர் சொன்ன இருபடி ஓட்டம் இதுதான்: செய்தி முதலில் கருத்துத் தலைவர்களுக்கு, அவர்கள் வழியாக மற்றவர்களுக்கு. இன்று அந்தப் பேப்பர் வாசிப்பவரின் இடத்தை வாட்ஸ்அப் குரூப் அட்மின் பிடித்துவிட்டாரா? சரியான ஆராய்ச்சிக் கேள்வி. அடுத்த அமர்வில் இதையே சொல்லுங்கள்.

வாசிப்புப் பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-இல் எழுதிய கட்டுரையில் தொடங்குங்கள். திரையில் வருபவரோடு பார்வையாளருக்கு உண்டாகும் ஒருதலை நெருக்கத்தைப் பற்றியது. சீரியல் பார்க்கும் அத்தை இருந்தால் பாதி புரிந்த மாதிரி. அப்புறம், உண்மையில் படுத்தப்போவது புள்ளியியல். அதற்கு எந்த மென்பொருள் பயன்படுத்த வேண்டும் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.