பேராதனையில் முதல் பருவம்: கம்பளியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்

கேள்வி: "பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன். மே மாதம் விடுதிக்குப் போக வேண்டும். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண் நான். வீட்டை விட்டு வெளியே ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. முதல் பருவம் எப்படி இருக்கும்? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?"

முதலில் அந்தக் கம்பளியைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள், தங்கச்சி. உங்கள் அம்மா வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

நானும் உங்கள் பக்கத்துப் பிள்ளைதான். நோர்வூட்டிலிருந்து உள்ளே போக வேண்டிய தோட்டம். நான் போனதும் புத்தாண்டு கழிந்து வெயில் இறங்காத நாட்களில்தான். என் பெட்டியில் இரண்டு ஸ்வெட்டர், ஒரு தடித்த போர்வை, காதை மூடும் கம்பளித் தொப்பி ஒன்று. பேராதனையும் மலைநாடு என்று யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். மலை என்றால் குளிர். அம்மாவின் கணக்கு அவ்வளவுதான். நம் பக்கத்து ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, பேராதனை 500 மீற்றரை ஒட்டியது. ஆயிரம் மீற்றர் இறங்கினால் ஆறு பாகைக்குச் சற்று மேல் வெப்பம் கூடும். அப்படிப் பார்த்தால் நமக்கும் அவர்களுக்கும் ஐந்து பாகை வித்தியாசம். தாளில் எழுதினால் சின்ன எண். முதல் நாள் மத்தியானம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிப் படியேறியபோது அந்த ஐந்து பாகையும் என் தலைமேல் உட்கார்ந்திருந்தது. கம்பளித் தொப்பியை நான்கு வருடமும் யாருக்கும் காட்டவில்லை.

கம்பளி இருந்த இடத்தில் நுளம்பு வலையை வையுங்கள். உயரத்தில் வளர்ந்த நமக்கு நுளம்போடு அதிகம் பழக்கமில்லை. கண்டிப் பக்கம் டெங்கு உண்டு. வலையைக் கட்ட நான்கு முழம் கயிறு, ஒரு வாளி, ஒரு கோப்பை, இரண்டு பூட்டு. பூட்டு மனிதர்களைவிடக் குரங்குகளுக்காக. ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு விரிவுரைக்குப் போன அன்று, அம்மா கட்டித் தந்த தேங்காய் ரொட்டி முழுவதும் எதிர்மரத்தில் இருந்தது. ஒரு தாய்க் குரங்கு குட்டிக்குப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. கோபப்படவும் மனம் வரவில்லை.

தேசிய அடையாள அட்டையின் பிரதிகள், கிராம அலுவலர் சான்றிதழ், அம்மா அப்பாவின் சம்பளச் சீட்டுகள், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். மகாபொல உதவித்தொகைக்கும் அது கிடைக்காதவர்களுக்கான பர்சரிக்கும் வருமானத்தைக் காட்ட வேண்டியிருக்கும். முதல் பணம் கைக்கு வரும்வரை ஓடக்கூடிய தொகையை வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சாமான் விஷயம் இத்துடன் போதும்.

இனி எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் பருவத்தில் நான் பட்ட பாட்டில் பாதிக்கு மேல், வாய் திறந்து கேட்காததால் வந்தது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அம்மா ஆபீசுக்குப் போவதைச் சின்ன வயதில் பல தடவை பார்த்திருக்கிறேன். தீபாவளி முற்பணம், கூரைக்குத் தகரம், பிறப்புப் பதிவுக்கு ஒரு கடிதம். எதற்குப் போனாலும் ஜன்னலுக்கு வெளியே நின்று, சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, தன் குரலே இல்லாத ஒரு குரலில் கேட்பார். மலையில் நாலு நிரைக்கு அப்பால் இருப்பவளைக் கூப்பிடும் அந்தக் குரல் எங்கே போனது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். வீட்டுக்கு வந்தபின் கொஞ்ச நேரம் யாரோடும் கதைக்க மாட்டார். கேட்பது என்றால் தாழ்ந்து நிற்பது என்பதை அந்த ஜன்னலில்தான் படித்தேன்.

அந்தப் படிப்போடு பல்கலைக்கழகத்துக்குப் போனால் என்ன ஆகும்? மூன்று வாரம் விடியற்காலை நான்கரைக்கு எழும்பிக் கீழ்மாடிக் குளியலறை வரிசையில் வாளியோடு நின்றேன். எங்கள் அறையில் நான்கு பேர். கிண்ணியாவிலிருந்து வந்த ஒருத்தி, குருநாகலும் மாத்தறையுமாக இரண்டு சிங்களப் பிள்ளைகள், நான். குருநாகல்காரி நான் வாளியை எடுக்கும்போதெல்லாம் முகத்தை நிமிர்த்தி "உட, உட" என்பாள். என் உடையில் ஏதோ குறை சொல்கிறாள் என்று நினைத்தேன். இரண்டு நாள் சட்டையை மாற்றிக்கூடப் பார்த்தேன். அப்போதும் "உட" என்றாள். கடைசியில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மேல்மாடியில் விட்டாள். அங்கே குளியலறைகள் ஆளில்லாமல் கிடந்தன. சிங்களத்தில் 'உட' என்றால் மேலே. "உட என்றால் என்ன?" என்று முதல் நாளே கிண்ணியாக்காரியிடம் கேட்டிருந்தால் மூன்று வாரத் தூக்கம் மிஞ்சியிருக்கும். அவளுக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும்.

நூலகக் கதை இதைவிட மோசம். வாசலில் எல்லோரும் ஏதோ அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனார்கள். அதற்குப் பணம் கட்ட வேண்டும் போலிருக்கிறது என்று நானாகவே முடிவுகட்டி ஒரு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. இலங்கையில் அச்சாகும் நூல்களின் பிரதிகள் சட்டப்படி வந்துசேரும் நூலகங்களில் அதுவும் ஒன்று. நம் தோட்டங்களைப் பற்றி எழுதப்பட்டவற்றை நான் முதன்முதலாகக் கையில் எடுத்தது அங்கேதான். வாசலுக்கு வெளியே ஒரு மாதம் நின்ற முட்டாள்தனத்தை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. டியூட்டோரியல் என்ற சொல்லின் பொருளும் தெரியாது. பெரிய மண்டபத்தில் தனியாக ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். என் குழு வேறெங்கோ சின்ன அறையில் கூடிக் கலைந்துபோயிருந்தது. வரவு குறைந்தால் பரீட்சைக்கு விடமாட்டார்கள், 80 சதவீதம் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இந்த நோய்க்கு மருந்து எனக்குக் குப்பியில் கிடைத்தது. பயப்படாதீர்கள், நம் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், முன்பு எரிந்த குப்பி லாம்பின் பெயர்தான். சீனியர் ஒருவர் பரீட்சைக்கு முன் ஜூனியர்களை உட்காரவைத்துப் பாடத்தைச் சொல்லித்தருவதற்குக் கம்பஸில் குப்பி என்று பெயர். சிங்களப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்வார்கள். எங்களுக்குக் குப்பி எடுத்தவர் பண்டாரவளைப் பக்கத்து அக்கா ஒருவர். முதல் நாள் பாடமே நடத்தவில்லை. "ஆளுக்கு ஒரு கேள்வி கேளுங்கள், கேட்காதவர்களுக்குத் தேநீர் இல்லை" என்றார். மற்றவர்கள் பொருளியல், வரலாறு என்று கேட்டார்கள். என் முறை வந்தது. "நூலக அட்டை எவ்வளவு, அக்கா?" என்று கேட்டேன். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். இரண்டு பேர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து பதிலை எழுதிக்கொள்ளத் தயாரானார்கள். அவர்களும் போகவில்லையாம்.

விடுதிகளின் பெயரைக் கவனித்துப் பாருங்கள். ராமநாதன், அருணாசலம் என்று இரண்டு உண்டு, அண்ணன் தம்பி. இந்த நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இலேயே சங்கம் கூட்டி வெள்ளைக்காரரிடம் கேட்கத் தொடங்கியவர் பொன்னம்பலம் அருணாசலம். தோட்டத் தொழிலாளர்களுக்காகவும் குரல்கொடுத்த மனிதர். அவர் 1924இல் இறந்துபோனார். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் வந்தது, பேராதனைக்கு 1952இல் குடிபெயர்ந்தது. கேட்ட மனிதர் அந்தக் கட்டடங்களைப் பார்க்கவே இல்லை. அருணாசலம் விடுதியைத் தாண்டிப் போகும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். குளியலறை எங்கே என்று கேட்கவே மூன்று வாரம் எடுத்தவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும்.

பகிடிவதை, அதாவது ராகிங், பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் கேட்டிருப்பார்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். மரபு, பாசம், பழக்கம் என்று எந்தப் பெயரில் வந்தாலும் குற்றம். யாராவது எல்லை மீறினால் விடுதிப் பொறுப்பாளரிடமும் விரிவுரையாளரிடமும் அன்றைக்கே சொல்லுங்கள், ஓர் ஆளிடம் மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள்.

அந்த மாதங்களில் நல்லவையும் நிறைய. மே மாதம் வெசாக். பாதையோரத்தில் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் தன்சலில் வரிசையில் நின்று வயிறாரச் சாப்பிடலாம். மாதக் கடைசியில் பணம் தீர்ந்திருக்கும்போது அதன் அருமை தெரியும். வெள்ளிக்கிழமைகளில் குறிஞ்சிக் குமரன் கோவில். மேட்டில் இருக்கிறது, ஏறும்போது மூச்சு வாங்காமல் போகிறவர்களைப் பார்த்து மலையகத்துப் பிள்ளைகள் என்று கண்டுபிடித்துவிடுவோம். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். பேராதனையில் மழை பொறுக்கக்கூடியது. ஆனால் நீங்கள் வீட்டுக்குப் போகும் வழி கினிகத்தேனை, அல்லது ரயிலில் வட்டவளை. நாட்டிலேயே அதிகமாகக் கொட்டும் இடங்களில் அவை. மண் சரிந்து பாதை அடைபடும். ஞாயிறு மாலை கடைசி பஸ்ஸை நம்பி வீட்டிலிருந்து கிளம்பாதீர்கள்.

வீட்டு ஞாபகத்துக்கு நான் கண்டுபிடித்த மருந்து கலஹா பஸ். கண்டியிலிருந்து வந்து பல்கலைக்கழகத்தின் நடுவே ஓடி மேலே போகும். அதில் ஏறினால் நம் தமிழ் கேட்கும். கொழுந்து விலை, கடைக் கடன், மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை, எல்லாம் நம் லயத்துக் குரலில். விரிவுரையில் எழுத்துத் தமிழும் அறையில் சிங்களமும் ஆங்கில வகுப்பில் திணறலுமாக ஒரு கிழமை போனபின், அந்தப் பஸ்ஸில் பத்து நிமிடம் நின்றால் போதும். அந்தப் பாதை தெல்தோட்டையை நோக்கிப் போகிறது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துரத் தோட்டம் அந்தப் பக்கத்து மலையில்தான். விடுதிக்குப் பின்னால் தெரியும் ஹந்தானை மலையிலும் தேயிலை உண்டு, லயமும் உண்டு. தேயிலையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டேன் என்று முதல் கிழமை ஜன்னலில் நின்று அழுதேனே, அந்த ஜன்னலிலிருந்து பார்த்த மலைதான் அது.

ஆகஸ்டில் பெரஹரா ஊர்வல நாட்களில் கண்டியில் கால்வைக்க இடமிருக்காது. என் அம்மா அந்தச் சமயம் பார்த்துத்தான் என்னைப் பார்க்க வந்தார். கண்டிக்குப் போகாமல் பேராதனையிலேயே இறங்கிக் கலஹா பஸ்ஸில் ஏறு, பல்கலைக்கழகம் வந்ததும் இறங்கு என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தான். பத்து மணிக்கு வர வேண்டியவர். பன்னிரண்டாகியும் ஆள் இல்லை. அம்மாவிடம் அப்போது போன் கிடையாது. அண்ணனைக் கூப்பிட்டால் அவன் வேலையில். பஸ் நிற்கும் இடத்துக்கும் விடுதிக்குமாக நான்கு தடவை நடந்தேன். குருநாகல்காரியும் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

ஒன்றரை மணிக்கு, மேலேயிருந்து இறங்கி வந்த பஸ்ஸிலிருந்து அம்மா இறங்கினார். கீழேயிருந்து வர வேண்டியவர். ஒரு கையில் எனக்கான ரொட்டிப் பை, மற்றக் கையில் ஒரு பூசணிக்காய்.

"எங்கே இறங்குவது என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. எல்லாரும் படித்த பிள்ளைகளாக ஏறி இறங்கினார்கள். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்" என்றார். கலஹாவில் பஸ் நின்று எல்லோரும் இறங்கியபின், பக்கத்தில் இருந்த ஒரு பெண் "எங்கே அக்கா போக வேண்டும்?" என்று கேட்டாளாம். சொன்னதும், வெயிலில் நிற்காதே என்று தன் லயத்துக்கு அழைத்துப் போய், தேநீரும் மரவள்ளிக்கிழங்கும் கொடுத்து, அடுத்த பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டிருக்கிறாள். பூசணிக்காய் அவள் தோட்டத்தில் காய்த்தது.

விடுதியில் சமைக்க முடியாது, பூசணிக்காயை என்ன செய்வது என்று நான் கேட்டேன். அம்மா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. என் கட்டிலில் உட்கார்ந்து, நுளம்பு வலையைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த முறை வரும்போது அவளுக்கு நம் பக்கத்துத் தேயிலைத் தூள் அரைக் கிலோ எடுத்துவர வேண்டும். அங்கேயும் தேயிலைதான், ஆனால் சாயம் போதாது" என்றார்.