எக்கோஸ்போர்ட் வாங்கறதுக்கு முன்னாடி மெக்கானிக்க பாருங்க

வண்டிப் பேச்சு: வாசகர் கேள்வி, நம்ம பதில்

இந்த தடவ வந்த கேள்வியில ஃபோர்டு கம்பெனியோட எக்கோஸ்போர்ட் காருதான் மெஜாரிட்டி. குறுவை அறுத்து காசு கைக்கு வந்ததும் நம்ம பக்கம் காரு ஆசை வர்றது வழக்கம்தான், ஆனா உற்பத்தி நின்னு போன வண்டி மேல இத்தன பேருக்கு ஒரே நேரத்துல கண்ணு விழுந்திருக்குன்னா வேற ஒண்ணும் இல்ல, வெல சரிஞ்சிருக்கு. சரி, வரிசையா போவோம்.

மன்னார்குடி வாசகர்: அண்ணே வணக்கம். உரக்கடை வச்சிருக்கேன். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைன்னு தெனமும் 70, 80 கிலோமீட்டர் அலைச்சல், மாசம் ரெண்டு தடவ அப்பாவ தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போவணும். 2018 எக்கோஸ்போர்ட் டீசல் ஒண்ணு வந்திருக்கு, 84,000 ஓடியிருக்கு, ஒரே ஓனர், அஞ்சே கால் லட்சம் சொல்றாரு. மச்சான் என்னடான்னா "கம்பெனியே மூட்டைய கட்டிட்டு போயிடுச்சு, இதப் போயி வாங்குறீங்களே மாமா"ன்னு சிரிக்கறான். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம் தம்பி. ஆனா மச்சான் சொன்னதுலயும் பாதி நெசம் இருக்கு, அந்த பாதி எதுன்னு தெரிஞ்சுகிட்டு வாங்கணும்.

ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இந்தியாவுல வண்டி செய்யறத நிறுத்தறோம்னு சொல்லிச்சு, அடுத்த வருஷம் மறைமலை நகர் பிளான்ட்டும் நின்னுச்சு. எக்கோஸ்போர்ட் அந்த பிளான்ட்டுல பொறந்த வண்டி, 2013ல இங்க வந்துச்சு, நம்ம சென்னையில செஞ்சதுதான் கப்பலேறி அமெரிக்கா வரைக்கும் போச்சு. இதுல நமக்கு என்ன லாபம்னா, வெளிநாட்டுலேந்து கொண்டாந்து வித்துட்டு ஓடிப்போன வண்டி இல்ல, சாமான் செஞ்ச சப்ளையர்ல நெறைய பேரு இங்கதான் இருக்கான். உங்க 1.5 டீசல் இன்ஜின் ஃபிகோ, ஆஸ்பயர், ஃப்ரீஸ்டைல்னு இன்னும் மூணு வண்டியில ஓடுது. அதனால ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் பிளேட்டு, புஷ் இதெல்லாம் இல்லாம வண்டி நிக்காது, சென்னை புதுப்பேட்டை சாமான் கடையில சொல்லி நைட் பஸ்ல பார்சல் போட்டா காலைல மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுல எடுத்துக்கலாம்.

இழுக்கறது பாடி சாமான்தான். ஹெட்லைட்டு, பம்பர், டெயில் லைட்டு, பின்கதவு இந்த மாதிரி. ரோட்டுல நெல்லு காயற சீசன்ல எதுத்தாப்ல டிராக்டர் வந்து ஒதுங்கி லேசா உரசிட்டீங்கன்னா, மத்த வண்டிக்கு நாலு நாள்ல முடியற வேல இதுக்கு மூணு வாரம்கூட ஆகலாம், அதுவரைக்கும் கடைக்கு நீங்க டூவீலர்லதான். மச்சான் சொன்னதுல நெசம் இது. அதனால பம்பரு, லைட்டு, கண்ணாடி எல்லாம் முழுசா இருக்கற வண்டியா பாருங்க, "சின்ன கீறல்தான் சார், மாத்திக்கலாம்"னு சொன்னா அவரையே மாத்தி குடுக்க சொல்லுங்க.

இப்ப முக்கியமான விஷயம். காரு பாக்க போறதுக்கு முன்னாடி மெக்கானிக்க பாருங்க. ஷோரூம் மூடுனதும் அங்க வேல பாத்த பசங்க நெறைய பேரு தனியா பட்டறை போட்டுட்டாங்க. கும்பகோணத்துல எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு, தகரக் கொட்டாய், வாசல்ல ஒரு வேப்ப மரம், உள்ள போனா எப்பவும் நாலு ஃபோர்டு நிக்கும். மேசை மேல கிரீஸ் படிஞ்ச பழைய லேப்டாப், அதுல ஃபோர்ஸ்கேன்னு ஒரு சாஃப்ட்வேர், வண்டியில வயர சொருகுனா எந்த எலக்ட்ரானிக் மாடியூல்ல கோளாறுன்னு அதுவே சொல்லும். நீங்களும் சுத்துவட்டாரத்துல விசாரிச்சு, "ஃபோர்ஸ்கேன் வச்சிருக்கீங்களா"ன்னு கேளுங்க. "அது எதுக்கு சார், நான் காதால கேட்டே சொல்லிடுவேன்"னு சொல்றவர்கிட்ட அம்பாசிடர் இருந்தா வேலைக்கு குடுங்க, இத குடுக்காதீங்க. மன்னார்குடிலேந்து ஒரு மணி நேர தூரத்துல அப்படி ஒரு ஆளு கெடைக்கலன்னா இந்த வண்டிய மறந்துடுங்க, வெல அஞ்சே கால் இல்ல நாலே கால்னாலும் சரி.

ஆள் கெடைச்சிட்டாருன்னா அவரையே கூட்டிட்டு போங்க. 2018ங்கறதால பிஎஸ்4 வண்டி, 100 குதிரை சக்தி, டிபிஎஃப்னு பொகையில வர்ற கரிய புடிக்கற ஃபில்டர் தொல்லை கெடையாது. 2020லேந்து வந்த பிஎஸ்6 டீசல்ல அது உண்டு, கடைத்தெருவுல மட்டும் ஓட்டறவங்களுக்கு அடைச்சுகிட்டு லைட்டு எரியும். உங்க அலைச்சலுக்கு பிஎஸ்4 டீசல் சரியான ஜோடி. இன்ஜின் வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்துல ஓட வைக்கற டைமிங் பெல்ட்ட மாத்துனாங்களான்னு பில்லோட கேளுங்க. வண்டியோட மேனுவல் புக்ல வருஷமும் போட்டிருக்கும் கிலோமீட்டரும் போட்டிருக்கும், எது முன்னாடி வருதோ அதுதான் கணக்கு. 84,000தானேன்னு விட்டுட்டு அது ரோட்டுல அறுந்துச்சுன்னா வால்வு போயி பிஸ்டன்ல இடிக்கும், இன்ஜின பிரிச்சுதான் ஆகணும். பில்லு இல்லையா, மாத்தலன்னு வச்சுக்கிட்டு அந்த காச வெலயில கழிங்க.

வெலைன்னதும் ஞாபகம் வருது, பழைய இன்சூரன்ஸ் பாலிசிய வாங்கி ரெண்டு இடம் பாருங்க. ஐடிவின்னு ஒரு தொகை இருக்கும், இன்சூரன்ஸ் கம்பெனி வண்டிக்கு போட்ட மதிப்பு அது, பேரத்த அதுலேந்து ஆரம்பிங்க, அவர் சொன்ன தொகையிலேந்து இல்ல. அடுத்து என்சிபி, க்ளெய்ம் எடுக்காதவருக்கு பிரீமியத்துல குடுக்கற தள்ளுபடி. தொடர்ந்து அஞ்சு வருஷம் க்ளெய்ம் எடுக்காதவருக்கு 50 சதவீதம் நிக்கும், ஒரு க்ளெய்ம் எடுத்தா அடுத்த வருஷம் பூஜ்யம். ஒரே ஓனர், ஒரு கீறல் கூட இல்லன்னு சொல்றவரு பாலிசியில என்சிபி பூஜ்யம்னு இருந்தா, "என்ன சார் ஆச்சு போன வருஷம்"னு மெதுவா கேளுங்க. பாலிசிய நடுவுல விட்டிருந்தாலும் பூஜ்யமாகும், எதுவா இருந்தாலும் அவர் மொகம் சொல்லிடும். அந்த என்சிபி அவரோடது, வண்டியோட உங்களுக்கு வராது, அதையும் கணக்குல வச்சுக்கங்க.

டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 2218னா 2018ல 22வது வாரம் செஞ்சது. வண்டியோட வந்த டயரே இன்னும் ஓடுதுன்னா பட்டன் நல்லா இருந்தாலும் நாலையும் மாத்தணும், அதையும் கழிங்க. இவ்வளவையும் கழிச்சு ஒரு தொகை நிக்கும்ல, அத மச்சான்கிட்ட காட்டுங்க.

ஃபோர்டு திரும்ப வருதாமேன்னு சொல்லி வெலய ஏத்துவாங்க. 2024 செப்டம்பர்ல சென்னை பிளான்ட்ட ஏற்றுமதிக்காக திறக்கறோம்னு தமிழ்நாடு அரசுகிட்ட கடிதம் குடுத்தது உண்மைதான். ஏற்றுமதிக்கு. அதுக்கும் உங்க பம்பருக்கும் சம்பந்தம் இல்ல.

கும்பகோணம் வாசகி: சார், எனக்கு கியர் போட்டு ஓட்ட வரல. ஸ்கூலுக்கும் பேங்க்குக்கும் டவுன்ல ஓட்ட 2015 எக்கோஸ்போர்ட் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ரொம்ப கம்மி வெலைக்கு வருது. எடுக்கட்டுமா?

பதில்: வேணாம்மா. ஏன் கம்மின்னு அந்த கியர்பாக்ஸே சொல்லும். 2015ல வந்தது பவர்ஷிஃப்ட்னு ரெட்டை கிளட்ச் பெட்டி, ஆயில் இல்லாத காஞ்ச கிளட்ச், நின்னு நின்னு நகர்ற டிராஃபிக்ல சூடேறி உதறும். உச்சிப்பிள்ளையார் கோயில் முனையில காலை எட்டரை மணிக்கு ஊர்ந்து பாத்திருக்கீங்கல்ல, அதுதான் அந்த பெட்டிக்கு ஆகாத எடம். இது நம்மூர் பேச்சு மட்டும் இல்ல, ஆஸ்திரேலியாவுல இந்த பவர்ஷிஃப்ட் புகார்கள கையாண்ட விதத்துக்காகவே 2018ல அங்க உள்ள ஃபோர்டுக்கு கோர்ட்டு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டுச்சு, அதுல எக்கோஸ்போர்ட்டும் உண்டு.

ஆட்டோமேட்டிக்தான் வேணும்னா 2017 நவம்பருக்கு அப்புறம் வந்த புது மொகம் வண்டி பாருங்க. டிராகன்னு மூணு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், அதோட வர்றது பவர்ஷிஃப்ட் இல்ல, வழக்கமான டார்க் கன்வெர்ட்டர் பெட்டி, கிளட்ச்சுக்கு பதிலா ஆயில் வழியா சக்திய கடத்தும், அலட்டாம ஓடும். ஒண்ணு மட்டும், இந்த இன்ஜின்ல டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளயே சுத்துது, ஒரு லிட்டர் ஈக்கோபூஸ்ட் டர்போ இன்ஜின்லயும் அப்படித்தான். கண்ட ஆயில ஊத்துனா பெல்ட் ஊறி பிஞ்சு, அந்த தூளு கீழ போயி ஆயில் உறிஞ்சுற சல்லடைய அடைச்சுக்கும், அப்புறம் இன்ஜினுக்கு ஆயில் ஏறாது. அதனால எந்த கிரேடு ஆயில் ஊத்துனாங்கன்னு பில்ல பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. "நல்ல ஆயில்தாம்மா"ங்கறது பதில் இல்ல.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், பின்கதவு மேல தூக்கற கதவு இல்ல, வீட்டுக் கதவு மாதிரி பக்கவாட்டுல திறக்கும், ஸ்டெப்னி வேற அதுலதான் தொங்குது, கைப்பிடி வலது பக்க டெயில் லைட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். உங்க சந்துல சொவத்த ஒட்டி பின்னாடி ரிவர்ஸ் போட்டு நிறுத்துனீங்கன்னா காய்கறி பைய எடுக்க முடியாது. வாங்கறதுக்கு முன்னாடி வீட்டு வாசல்ல ஒருதரம் நிறுத்தி திறந்து பாத்துடுங்க.

நாகப்பட்டினம் வாசகர்: சென்னை வண்டி, 2019 டீசல், மார்க்கெட்ட விட ஒரு லட்சம் கம்மி. வெள்ளத்துல நின்ன வண்டியா இருக்குமோன்னு பயமா இருக்கு. எப்படி கண்டுபிடிக்கறது?

பதில்: பயப்படறது சரிதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல சென்னையில எத்தன காரு முங்குச்சுன்னு டிவில பாத்தோம்ல, அதெல்லாம் பழைய இரும்புக்கா போயிருக்கும்? கழுவி சென்ட் அடிச்சு எங்கயாவது வித்திருப்பாங்க.

நான் ஏமாந்த கதைய சொல்றேன். சில வருஷம் முன்னாடி திருவாரூர் பக்கம் ஒரு புரோக்கர் வீட்டு வாசல்ல ஒரு காரு, வேற கம்பெனி வண்டி, பள பளன்னு நின்னுச்சு, சீட்டு கவரெல்லாம் புதுசு. ஓட்டி பாத்தேன், நல்லா இருந்துச்சு, அட்வான்ஸ் குடுத்துட்டேன். மறுநாள் பொண்ண பின்னாடி உக்கார வச்சு பெல்ட்ட இழுத்து போட்டா, கடைசி ஒரு முழம் மட்டும் வேற கலர்ல வருது. தடவி பாத்தா வெரல்ல வண்டல். ஆத்து வண்டல் எப்படி இருக்கும்னு நமக்கு தெரியாதா? சாதாரணமா பாதி தூரம்தான் இழுப்போம், மீதி உள்ளயே சுருண்டு கெடக்கும், கழுவறவனும் அத மறந்துடுவான். அட்வான்ஸ்ல பாதிதான் திரும்பி வந்துச்சு.

அதனால அஞ்சு பெல்ட்டையும் முழுசா வெளிய இழுங்க. சீட்டு தண்டவாளத்துல துரு இருக்கான்னு போன் டார்ச் அடிச்சு பாருங்க, பின்னாடி டிக்கி கார்ப்பெட்ட தூக்குங்க, ஃபியூஸ் பாக்ஸ் மூடிய கழட்டுங்க. ஏசிய போடாம கண்ணாடி ஏத்தி பத்து நிமிஷம் வெயில்ல உக்காந்தா வாசனை காட்டி குடுத்துடும். 550 மில்லிமீட்டர் தண்ணியில போகும்னு கம்பெனி விளம்பரம் பண்ண வண்டிதான் இது, ஏறக்குறைய ஒன்னே முக்கால் அடி, ஆனா அது மெதுவா கடந்து போறதுக்கு, ராத்திரி பூரா நிக்கறதுக்கு இல்ல.

நாகைக்கு இன்னொரு வேல இருக்கு, உப்புக்காத்து. நீங்க வாங்கப்போறது சென்னை வண்டின்னாலும் பெசன்ட் நகர்ல கடல பாத்து நின்னிருந்தா அதே கததான். வாட்டர் சர்வீஸ் கடைக்கு கொண்டுபோயி லிஃப்ட்ல தூக்க சொல்லுங்க, காசு குடுங்க, ஆனா கழுவறதுக்கு முன்னாடி அடியில போயி பிரேக் பைப்பு, சைலன்சர் தொங்கற கொக்கி, சஸ்பென்ஷன் கை எல்லாத்தையும் பாருங்க. மேலாப்ல இருக்கற செவப்பு துரு பரவால்ல, ஸ்குரூ டிரைவரால குத்துனா உதிருதுன்னா விட்டுடுங்க. அடியில மட்டும் புதுசா கருப்பு பெயின்ட் அடிச்சிருந்தா இன்னும் நல்லா குத்தி பாருங்க.

பாபநாசம் வாசகர்: பத்து வருஷமான டீசல் வண்டிய ஓட்ட விட மாட்டாங்களாமே, 2016 டீசல் எக்கோஸ்போர்ட் எடுத்தா வேஸ்டா? வண்டி மேல பழைய லோன் வேற இருந்துச்சாம், கட்டி முடிச்சாச்சுன்னு சொல்றாரு.

பதில்: பத்து வருஷ கணக்கு டெல்லி சுத்துவட்டாரத்துக்கு வந்தது, பாபநாசத்துக்கு இல்ல. இங்க ஆர்சி 15 வருஷம், அப்புறம் எஃப்சி காட்டி அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிக்கலாம். லோன் கட்டிட்டாருன்னா பேங்க் என்ஓசியும் ஃபாரம் 35ம் குடுத்து ஆர்சிலேந்து பேங்க் பேர எடுக்க சொல்லுங்க, அரசோட எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பர போட்டா நீங்களே பாத்துக்கலாம். எடுத்த பெறவு ஆர்சிய உங்க பேருக்கு மாத்தற ஃபாரம் 29, 30ல கையெழுத்து, அப்புறம் மீதி பணம். அந்த வரிசைய மாத்தாதீங்க.

திருவையாறு வாசகர்: அண்ணே, எக்கோஸ்போர்ட் வாங்கி ஆறு மாசம் ஆச்சு, வண்டி சூப்பர், ஆனா அறுப்பு முடிஞ்சதும் எலி உள்ள பூந்து வயர கடிச்சிடுச்சு, 9,000 ரூபா செலவு. ஃபோர்டு வயர் எலிக்கு ரொம்ப புடிக்குமா?

பதில்: எலிக்கு கம்பெனி பேதம் கெடையாது தம்பி. வயல்ல தீனி தீந்ததும் சூடா ஒரு எடம் தேடி வருது, உங்க இன்ஜின் மாட்டிகிச்சு. வைக்கப்போர் பக்கத்துல நிறுத்தறத விடுங்க, ராத்திரி பானட்ட தூக்கி வச்சா அதுக்கு இருட்டு போயிடும், பாதி வராது. புகையில கட்டி தொங்க விடறவங்க இருக்காங்க, எனக்கு அதுல நம்பிக்க இல்ல, எங்க வீட்டு எலி அது பக்கத்துலயே குட்டி போட்டிருந்துச்சு. ஒட்டு போட்ட வயர்ல தண்ணி போவாம டேப்பு சரியா சுத்தியிருக்காங்களான்னு மட்டும் அடைமழைக்கு முன்னாடி ஒருதரம் காட்டிடுங்க.