மாடிப்படி ஏறினால் மட்டும் வருமா வாயு?

கேள்வி: எனக்கு வயது 43. திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். நீரிழிவு இருந்த என் தந்தை 52 வயதில் மாரடைப்பால் இறந்தார். எனக்கு இப்போது முடி கொட்டுகிறது, கழுத்து கறுத்துவிட்டது, கெண்டைக்கால் சதை துடிக்கிறது. மாடிப்படி ஏறினால் நடுநெஞ்சில் வாயு அடைத்தாற்போல் இறுகி, நின்றால் விட்டுவிடுகிறது. வெறும் வயிற்றில் சர்க்கரை 112, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1, இரத்த அழுத்தம் 148/96. நாளைக்கு மூன்று நான்கு சிகரெட்தான். இணையத்தில் படித்துவிட்டு, சோற்றை நிறுத்தி வெந்தய நீர் குடிக்கிறேன். நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினும் கேஸ் மாத்திரையும் நானே வாங்கிச் சாப்பிடுகிறேன். பரம்பரையாக வருவதை என் முயற்சியால் தடுக்க முடியுமா?

பதில்: படியேறும்போது வந்து, நின்றதும் விலகிவிடும் நெஞ்சிறுக்கத்துக்கு வாயு என்று பெயர் வைத்தது யார்? நீங்கள் படியேறுகிறீர்களா, நாற்காலியில் அமர்ந்திருக்கிறீர்களா என்பது குடலில் சேரும் வாயுவுக்குத் தெரியாது; இதயத்துக்குத் தெரியும். உடல் உழைக்கும்போது இதயத் தசைக்குக் கூடுதல் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டுசெல்லும் தமனி கொழுப்புப் படிவால் குறுகியிருந்தால், ஓய்வில் போதுமானதாக இருந்த இரத்தம் படியேறும்போது போதாமற்போய், தசை தன் தவிப்பை இறுக்கமாகவோ பாரமாகவோ எரிச்சலாகவோ தெரிவிக்கும். இதை ஆஞ்சைனா என்கிறோம். உங்களுக்கு இருப்பது அதுதான் என்று கடிதத்தை வைத்து நான் முடிவுகட்டவில்லை. ஆனால் புகைப்பழக்கமும், உயர்ந்திருக்கும் இரத்த அழுத்தமும், 55 வயதுக்குள் மாரடைப்பில் இறந்த தந்தையும் உள்ள ஒருவருக்கு, அது இல்லை என்று பரிசோதனை சொல்லும்வரை அதுவாகவே கருதுவதுதான் எங்கள் வழக்கம்.

சோடா குடித்தேன், ஏப்பம் வந்தது, சரியாகிவிட்டது என்று சொல்லும் நோயாளிகளை வாரந்தோறும் பார்க்கிறேன். சோடா குடிப்பதற்காக அவர்கள் உட்கார்ந்தார்கள் என்பதையும், உட்கார்ந்ததால்தான் இறுக்கம் அடங்கியது என்பதையும் எடுத்துச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். உங்கள் கேஸ் மாத்திரையும் அந்தச் சோடாவைப் போலத்தான், மருத்துவரிடம் போகும் நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறது.

நாளையே ஒரு பொதுநல மருத்துவரிடமோ இதயநோய் மருத்துவரிடமோ செல்லுங்கள். ஓய்வில் எடுக்கும் இ.சி.ஜி. இயல்பாக இருந்துவிட்டால் தப்பித்தோம் என்று வீடு திரும்பிவிடாதீர்கள். இத்தகைய இறுக்கம் உள்ள பலருக்கும் அது இயல்பாகவே இருக்கும். எப்போது வருகிறது, எத்தனை படிகளில் வருகிறது, எவ்வளவு நேரத்தில் விடுகிறது என்பதைச் சொல்லுங்கள்; ஓடும் பட்டையில் நடக்கவைத்து இ.சி.ஜி. எடுக்கும் டிரெட்மில் பரிசோதனையா வேறொன்றா என்பதை அவர் தீர்மானிப்பார். அதுவரை புதிதாக ஓட்டமோ உடற்பயிற்சிக்கூடமோ வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, சில நிமிடங்கள் ஓய்வெடுத்தும் விடாவிட்டாலோ, வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்துகொண்டாலோ 108-ஐ அழையுங்கள். இருசக்கர வாகனத்தை நீங்களே ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகக் கூடாது.

முடி உதிர்வையும் கெண்டைக்கால் துடிப்பையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கழுத்துக் கருமை அழுக்கன்று, தேய்த்தாலும் களிம்பு பூசினாலும் போகாது. பெரும்பாலும் இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அடையாளம் அது, வயிறு குறையும்போது தானே மங்கும். இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்த ஓர் அளவை உங்கள் கடிதத்தில் காணவில்லை.

இனி, நீங்கள் உண்மையில் அஞ்சுகிற பரம்பரைக்கு வருகிறேன். 112, 6.1 ஆகிய அளவுகள் நீரிழிவு அல்ல, அதற்கு முந்தைய நிலை. இதே போன்ற முன்நிலையில் இருந்த 531 இந்தியர்களைச் சென்னை மருத்துவர்கள் ஏறத்தாழ மூன்றாண்டுகள் பின்தொடர்ந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளானார்கள். நடையையும் உணவையும் ஒழுங்குபடுத்திக்கொண்டவர்களில் ஏறத்தாழ 39 பேர். மெட்ஃபார்மின் பெற்றவர்களிலும் 40 பேரளவில்தான். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் பயன் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே பரம்பரை ஒரு தீர்ப்பு அல்ல. அதே சமயம், ஒழுங்காக இருந்தால் ஒருபோதும் வராது என்றும் நான் உறுதி தரமாட்டேன். மெட்ஃபார்மின் கெட்ட மருந்தன்று, தேவைப்படுபவருக்கு நானே எழுதிக்கொடுக்கிறேன்; ஆனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல், யாரும் அளவு சொல்லாமல் விழுங்குவதைப் பொறுப்பு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

பொறுப்பு காட்ட வேண்டிய இடத்தை நீங்கள் ஒரு 'தான்' போட்டுக் கடந்துவிட்டீர்கள். நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் புகைப்பவருக்கும், இருபது புகைப்பவருக்கு இருக்கும் கூடுதல் இதயநோய் அபாயத்தில் பாதியளவு இருக்கிறது என்று 2018-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு காட்டியது. எண்ணிக்கையைக் குறைத்துப் பயனில்லை, முழுவதுமாக விட வேண்டும். வெந்தய நீரால் தீங்கு ஒன்றுமில்லை, விருப்பமிருந்தால் குடியுங்கள். சோற்றை ஒழிக்கவும் தேவையில்லை. சோற்றை விட்டுவிட்டு ஐந்து சப்பாத்தி சாப்பிட்டுச் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று கேட்பவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். தட்டில் பாதிக்குக் காய்கறியும் கீரையும் இருந்தால், மிச்சத்தில் சோற்றுக்கும் பருப்புக்கும் இடமுண்டு. தேநீரில் சர்க்கரையை நிறுத்துங்கள். நெஞ்சுப் பரிசோதனை முடிந்து மருத்துவர் அனுமதித்த பிறகு, நாள்தோறும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள்.

148/96 என்பதை ஒருமுறை பார்த்துவிட்டு விடக் கூடாது. தேநீரும் சிகரெட்டும் இல்லாமல் அரை மணி நேரம் கழித்து, ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, வெவ்வேறு நாட்களில் அளந்து குறித்துவையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்ப்பார்கள். நாளை செல்லும்போது இரத்தப் பரிசோதனை அறிக்கையோடு, நீங்கள் சாப்பிட்டுவரும் இரண்டு மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.