கேளுங்கள், சொல்கிறோம்: பெண்கள் சைக்கிள் பந்தயம்

பெண்களுக்கான ‘டூர் டி பிரான்ஸ்’ 2022-இல்தான் முதன்முதலில் நடந்தது என்று பள்ளி வினாடி வினாவில் சொன்னார்கள். சரிதானா?
– மாணவி, தேவகோட்டை

இல்லை. ‘டூர் டி பிரான்ஸ் ஃபெம்’ என்ற இன்றைய பந்தயத்துக்குத்தான் அது முதல் ஆண்டு. 1955-லேயே பிரான்சின் நார்மண்டியில் ஐந்து கட்டப் பந்தயம் (ஐந்து தனித்தனி ஓட்டமாகப் பிரித்து நடத்துவது) ஒன்று நடந்தது. மேன் தீவைச் சேர்ந்த மில்லி ராபின்சன் ஜெயித்தார். மறு வருஷம் அது நடக்கவில்லை. 1984-இல் மறுபடி தொடங்கியபோது 18 கட்டங்கள். ஆண்கள் ‘டூர்’ அன்றன்று வரும் பாதையின் கடைசிப் பகுதியை, அவர்கள் வருவதற்கு முன்பே பெண்கள் ஓட்டி முடித்தார்கள். முதலிடம் அமெரிக்காவின் மரியான் மார்ட்டினுக்கு. அடுத்த இரண்டு ஆண்டுகள் இத்தாலியின் மரியா கானின்ஸ், 1987 முதல் 1989 வரை பிரான்சின் ஜானி லோங்கோ. அத்தோடு அதுவும் நின்றது.

பிறகு வேறு அமைப்பாளர் நடத்திய பந்தயத்துக்கு ‘டூர்’ என்ற பெயரே சிக்கலானது. ஆண்கள் பந்தய நிறுவனம் உரிமை கோரியதால் ‘கிராண்ட் பூக்ல்’ என்று மாற்றினார்கள். 2009-இல் அது நான்கே கட்டமாகத் தேய்ந்து முடிந்தது. அந்தக் கடைசிப் பந்தயத்தை வென்ற எம்மா பூலி, 2013-இல் இன்னொரு வீராங்கனை மரியான் வோஸ் முதலானோருடன், பெண்களுக்கும் ‘டூர்’ வேண்டும் என்று கையெழுத்து இயக்கம் நடத்தினார். மறு வருஷம் பாரிசில் ஒருநாள் பந்தயம் கிடைத்தது, வோஸே வென்றார். 2022-இல் எட்டுக் கட்டமாக வளர்ந்தபோது வென்றவர் நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃப்ளூட்டன். வினாடி வினாவில் ‘1955’ என்று எழுதியவருக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள்.

இத்தனை முறை நின்றுபோனது ஏன்? ஓட்டப் பெண்கள் இல்லையா?
– வாசகர், கோட்டையூர்

ஓட்ட ஆள் எப்போதும் இருந்தது, பணம்தான் இல்லை. டிவியில் வராத பந்தயத்துக்கு விளம்பரதாரர் வரமாட்டார். 1988-இல் தொடங்கிய, இத்தாலியின் பெரிய கட்டப் பந்தயமான பெண்கள் ஜிரோவுக்கே ஒளிபரப்பால் அடி விழுந்தது: 45 நிமிட நேரடி ஒளிபரப்பு என்ற நிபந்தனையை நிறைவேற்றாததால் 2021-இல் உச்சநிலைப் பந்தயங்களின் உலகத் தொடரிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

2024 பெண்கள் ‘டூர்’ பந்தயத்தில் கடைசி நாள் முதலில் வந்த பெண்ணுக்குக் கோப்பை இல்லை என்கிறாள் என் பேத்தி. இது என்ன நியாயம்?
– ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

நியாயம்தான் ஆச்சி. நாள் வரவு வேறு, ஐந்தொகை வேறு. அதுவரை ஓடிய எல்லாக் கட்டத்தின் நேரத்தையும் கூட்டி, குறைந்த நேரம் யாருக்கோ அவருக்கே மஞ்சள் ஜெர்சி. கடைசியில் அது யாரிடமோ அவருக்கே கோப்பை. உங்கள் பேத்தி சொல்லும் பெண் டெமி வோலரிங். ஐந்தாம் கட்டத்தில் மஞ்சள் ஜெர்சியோடு ஓடிய அவர், முடிவுக்குச் சுமார் 6 கி.மீ. இருக்கும்போது விழுந்து 1 நிமிடம் 47 விநாடி இழந்தார். கடைசி 3 கி.மீ.க்குள் விழுந்திருந்தால், கூட வந்த கூட்டத்தின் நேரமே அவருக்கும் கிடைத்திருக்கும். கடைசிக் கட்டமான ஆல்ப் டியூஸ் மலைக்குப் புறப்படும்போது போலந்தின் காசியா நியவியாடோமாவைவிட 75 விநாடி பின்தங்கியிருந்தார். அங்கே 61 விநாடி முன்னால் வந்தார். கட்டத்தை வென்றதற்குச் சலுகை 10 விநாடி. ஆக 71. மீதி நான்கு விநாடியில் கோப்பை போயிற்று.

எங்கள் கல்லூரிப் பெண்களுக்கு இரண்டு நாள் பந்தயம் நடத்த ஆசை. எதில் கவனம் வேண்டும்?
– உடற்கல்வி ஆசிரியை, காரைக்குடி

மூன்று கட்டம் போதும்: முதல் நாள் காலை 40 கி.மீ., மாலையில் நிமிடத்துக்கு ஒருவராக அனுப்பும் 8 கி.மீ. தனி ஓட்டம், மறுநாள் 50 கி.மீ. திருச்சி நெடுஞ்சாலை வேண்டாம். கிராமச் சாலைகளில் 8–10 கி.மீ. வட்டம் பிடித்து, எல்லாத் திருப்பமும் இடப்பக்கமே வரும்படி ஓட்டுங்கள். எதிர்வரும் வண்டியைக் குறுக்கிட வேண்டியிராது. திருப்பங்களில் கிடக்கும் சரளையை முதல் நாளே கூட்டிவிட வேண்டும். போலீஸ் அனுமதி எழுத்தில் இருக்கட்டும். தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில் குன்றக்குடிப் பக்கமே போகாதீர்கள், பாதயாத்திரைக் கூட்டம் சாலையில் இருக்கும்.

நேரக் கணக்கில்தான் பலர் சறுக்குவார்கள். கூட்டமாக வருகிறவர்களுக்குத் தனித்தனி நேரம் போடக் கூடாது. அந்தக் கூட்டத்தில் முதலில் கோட்டைத் தொட்டவரின் நேரமே அத்தனை பேருக்கும். இல்லாவிட்டால் அரை விநாடிக்காக முப்பது பேரும் குறுகிய சாலையில் முண்டுவார்கள், விழுவார்கள். இடைவெளி 1 விநாடிக்கு மேல் இருந்தால்தான் புது நேரம். கோட்டுக்கு நேராக ஸ்டாண்டில் ஒரு போன் வைத்து வீடியோ எடுங்கள். கையில் பிடித்த ஸ்டாப்வாட்சை மட்டும் நம்பினால் தகராறு நிச்சயம். அரசு தந்த சைக்கிளும் கியர் சைக்கிளும் ஒரே பிரிவில் ஓடினால் அது போட்டியே அல்ல, இரண்டாகப் பிரியுங்கள்.

நம் பக்கத்தின் தனித் தொல்லை கருவேல முள். பஞ்சரானால் முள்ளைப் பிடுங்கியதோடு விடாமல், டயரின் உட்புறம் முழுக்கப் பழந்துணியால் தடவிப் பாருங்கள். ஒடிந்த நுனி உள்ளே இருந்தால் துணியில் மாட்டும். அதை விட்டுவிட்டுப் புது டியூப் போட்டால் சில கிலோமீட்டரில் அதுவும் போகும். பேட்ச் ஒட்டும்போது டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, ஈரம் போகும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்திலேயே ஒட்டினால் வெயிலில் பேட்ச் நழுவிவிடும்.