வாயை அடக்கச் சொல்லித் தாதியர் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள்

புதுக்குடியிருப்பிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகளுக்குத் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருப்பதையும், அவள் கொஞ்சம் வாய்க்காரி என்பதால் வைத்தியர்மாருக்கு முன்னால் வாயைத் திறவாமல் இருக்கும்படி நான் அவளுக்குப் புத்தி சொல்லவேண்டுமென்று நீங்கள் கேட்டிருப்பதையும் வாசித்தேன். உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கே கதைக்கக்கூடாது என்றுதான் நாமெல்லோரும் வளர்ந்தோம். மருத்துவமனை விடுதியிலும் விசேட வைத்திய நிபுணரில் தொடங்கும் வரிசையின் கடைசியில்தான் பயிற்சித் தாதி நிற்பாள். ஆனாலும் அந்தப் புத்தியை நான் சொல்லமாட்டேன்.

இரவு முழுவதும் நோயாளியின் கட்டிலருகே நிற்பவள் தாதிதான். முகம் வெளிறுவதையும் கை குளிர்வதையும் முதலில் காண்பவளும் அவளே. 2005ஆம் ஆண்டு இங்கிலாந்தில், சிறியதொரு சத்திரசிகிச்சைக்காக மயக்கமருந்து கொடுக்கப்பட்ட பெண்ணொருவருக்குச் சுவாசக்குழாயைச் செலுத்த முடியாமற் போனது. தொண்டையில் துளையிடுவதற்கான கருவிகளைத் தாதி ஒருவர் கொண்டுவந்து வைத்தும், வைத்தியர்கள் பழைய முயற்சியையே தொடர்ந்தார்கள். சில நாட்களில் அந்தப் பெண் இறந்துபோனார். செய்யவேண்டியது என்னவென்று தாதியருக்குத் தெரிந்திருந்தது. அதை எப்படி எடுத்துச் சொல்வதென்பதுதான் தெரியவில்லை என்பது பின்னர் விசாரணையில் வெளிவந்தது.

அந்த 'எப்படி' என்பது பழகிப் படிக்கக்கூடிய ஒன்று. தாதியர் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளிடம் தொலைபேசியைக் கொடுத்து, என்னை வைத்தியராக நினைத்துக் கதைக்கச் சொல்வேன். "சேர், அந்த அம்மா கொஞ்சம் சோர்வா இருக்கிறா" என்று குரல் தாழும். எந்த அம்மா, எவ்வளவு சோர்வு, நான் என்ன செய்யவேண்டும் என்று எதுவும் அதில் இல்லை. நிலைமை, பின்னணி, தன் கணிப்பு, வேண்டுகோள் என்ற ஒழுங்கில் அதையே மறுபடி சொல்லவைப்பேன். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றி மருத்துவமனைகளுக்கு வந்த ஒழுங்கு அது. "சேர், 12ஆம் கட்டில் அம்மாவின் இரத்த அழுத்தம் 80/50, நாடித்துடிப்பு 128. இன்று காலைதான் வயிற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது. உள்ளே இரத்தம் கசிகிறதோ என்று பயப்படுகிறேன். தயவுசெய்து இப்போதே வந்து பாருங்கள்." இதில் 'சேர்' இருக்கிறது, 'தயவுசெய்து' இருக்கிறது, மரியாதை எள்ளளவும் குறையவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலும், கத்தி வைப்பதற்கு முன் அறையிலுள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் பொறுப்பையும் சொல்லவேண்டும் என்கிறது. ஒருமுறை குரலைத் திறந்தவருக்கு ஆபத்து வேளையில் மறுபடி திறப்பது இலகு.

மகள் அடக்கத்தைப் பழகவேண்டிய இடமும் உண்டு. உடனடி ஆபத்து இல்லாதபோது, நோயாளிக்கும் உறவினருக்கும் முன்னால் வைத்தியரின் பிழையைச் சொல்லாமல், ஒதுக்குப்புறமாகச் சொல்லவேண்டும். அத்துடன், வன்னி மருத்துவமனைகளில் சிங்களம் பேசும் வைத்தியர்களும் கடமையாற்றுகிறார்கள். நள்ளிரவில் சொல்தேடித் தடுமாறாதபடி இப்போதே அவளைச் சிங்கள வகுப்புக்கு அனுப்புங்கள்.

வீட்டில் உங்களாலும் ஒன்று செய்யமுடியும். அப்பப்பாவின் சீனி வருத்தக் குளிசை ஒன்று கூடிவிட்டதென்று அவள் சொன்னால், "உனக்கென்ன தெரியும்" என்று அதட்டாமல், மருந்துத் துண்டை எடுத்து அவளோடு சேர்ந்து பாருங்கள்.