நெப்போலியனின் தலை கூரையில் இடிக்கிறது

கேள்வி: 28 மி.மீ. அளவில் நெப்போலியனின் பயண வண்டியைச் செய்கிறேன். அமெரிக்க ஸ்டேஜ்கோச் (பயணிகள் குதிரைவண்டி) கிட் ஒன்றைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன். உலோக உருவங்களின் காலை மடக்கினால் முறிந்துபோகிறது. எப்படியோ உட்கார வைத்தால் தொப்பி கூரையில் இடிக்கிறது. இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கதவு மூடவில்லை. வண்டியைப் பெரிதாக்குவதா, ஆளைச் சிறிதாக்குவதா?

பதில்: இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும். ஆனால் உங்கள் சிக்கல் வேலையின் வரிசையில் இருக்கிறது. பெட்டியை ஒட்டி முடித்துவிட்டு ஆளைத் தேடினால் இப்படித்தான் ஆகும். உட்கார்ந்த உருவங்களை முதலில் முடித்து, அவற்றை அளந்து, பிறகு பலகையை அறுங்கள்.

கணக்கு இது. 28 மி.மீ. என்பது பாதத்திலிருந்து கண் வரைக்குமான உயரம். உச்சந்தலை வரை 30 மி.மீ. வரும். உட்கார்ந்தால் இருக்கையிலிருந்து உச்சி வரை ஏறக்குறைய 16, தரையிலிருந்து இருக்கை வரை 8, பின்புறத்திலிருந்து முழங்கால் வரை 10. தொப்பிக்கு இன்னும் 3. ஆக உள்ளே தரைக்கும் கூரைக்கும் இடையில் 27 மி.மீ. வெற்றிடம் வேண்டும். கிட்டுகளில் பெரும்பாலும் தரைப்பலகை தடிமனாகவும், இருக்கை 10 மி.மீ. உயரத்திலும் இருக்கும். இருக்கையை 6 மி.மீ.க்கு இறக்கினாலே பாதிச் சிக்கல் தீரும். முழங்கால் சற்று மேலே தூக்கித் தெரியும், தாழ்ந்த இருக்கையில் எல்லோரும் அப்படித்தான் உட்காருவார்கள். தொப்பியை மடியில் வைத்துவிடுவது இன்னொரு வழி. நெப்போலியன் இருமுனைத் தொப்பியைக் குறுக்காக அணிபவர் என்பதால் அது தலையில் இருந்தால் பக்கச் சுவரிலும் இடிக்கும்.

அகலம்தான் பெரிய தலைவலி. 28 மி.மீ. உருவங்களுக்கு ஏறக்குறைய ஒத்த 1/56 அளவில் மனிதனின் தோள் 8 அல்லது 9 மி.மீ. இருக்க வேண்டும். இயல்பைவிடப் பருத்து வார்க்கப்படும் உலோக உருவங்களில் அது 12, 13 வரை போகும். அசல் வண்டியின் உள்அகலத்தை அப்படியே குறைத்தால் கிடைக்கும் 20 மி.மீ.க்குள் இரண்டு பேர் அடங்க மாட்டார்கள். பெட்டியை 24 மி.மீ. ஆக்குங்கள், ஒட்டி உட்காரும் பக்கத்துக் கைகளை முழங்கையோடு அரமிட்டுத் தட்டையாக்குங்கள். அந்தப் பக்கம் யார் கண்ணிலும் படாது.

இதற்கெல்லாம் முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: மூடிய வண்டியா, திறந்ததா? பெர்லின் போன்ற மூடிய வண்டியில் சன்னல் விளிம்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. இடுப்போடு அறுத்து ஒரு மரத்துண்டின் மேல் ஒட்டினால் போதும், காலைப் பற்றிய கவலையே இல்லை. கலேஷ், லாண்டோ போன்று கூரை மடங்கும் வண்டிகளில்தான் முழு ஆள் தேவை. முதல் முயற்சி என்றால் மூடியதையே செய்யுங்கள். 1812 டிசம்பர் 5 இரவு இன்றைய பெலாரஸில் உள்ள ஸ்மோர்கோனியிலிருந்து நெப்போலியன் தன் குதிரைலாயத் தலைமை அதிகாரி கோலன்கூருடன் பாரீசுக்குக் கிளம்பிய பயணம் அதற்குப் பொருத்தமான காட்சி. உள்ளே இருவரும் கம்பளி மூட்டைகளாக இருக்கலாம். திறந்த வண்டியிலும் முழங்கால் மேல் ஒரு கரடித்தோலைப் போர்த்திவிட்டால் தொடைகளைச் செதுக்கும் வேலை மிச்சம்.

முழு ஆள்தான் வேண்டும் என்றால், மடக்காதீர்கள். இந்த உருவங்களை வார்க்கும் வெள்ளுலோகம் சிறிது வளைந்து கொடுக்கும். 90 பாகைக்கு வளைத்தால் முழங்காலில் விரிசல் விட்டு முறியும். மெல்லிய ரேசர் ரம்பத்தால் இடுப்பிலும் முழங்காலிலும் முழுதாக அறுத்துவிடுங்கள். 0.6 மி.மீ. துளையிட்டு 0.5 பித்தளைக் கம்பியைச் செருகி, தொடை கிடையாகவும் கெண்டைக்கால் செங்குத்தாகவும் நிறுத்துங்கள். இடைவெளியை எபாக்சி புட்டியால் (பிசைந்து வைத்தால் இறுகும் பசைமாவு) நிரப்புங்கள். அறுக்கும்போதும் அரமிடும்போதும் முகக்கவசம் வேண்டும், பல வார்ப்புகளில் ஈயம் கலந்திருக்கும். தூளை ஈரத்துணியால் துடையுங்கள், ஊதாதீர்கள்.

குதிரைவீரனின் உடலை எடுப்பது சுலபம் என்று பலரும் நினைப்பார்கள். அவன் உட்கார்ந்துதான் இருக்கிறான், ஆனால் கால் அகன்றிருக்கும். தொடையும் சரிவாக இறங்கும். அப்படியே பலகையில் வைத்தால் சறுக்கி விழப்போகிறவன் போலத் தெரிவான். கவட்டில் 3 மி.மீ. ஆப்பு வடிவில் வெட்டியெடுத்து இரண்டு தொடைகளையும் நெருக்குங்கள். பின்புறத்தைத் தட்டையாக அரமிடுங்கள், பூட்சைக் கீழே திருப்புங்கள். இத்தனைக்குப் பதில் நின்ற ஆளை அறுப்பதே மேல் என்று தோன்றினால் அதுவும் சரிதான்.

புட்டிக்கு கிரீன் ஸ்டஃப் நல்லது. ஒன்றரை மணி நேரம் வேலை செய்யலாம், முழுதாக இறுக ஒரு நாள் ஆகும். நம் கடைகளில் கிடைக்கும் எம்-சீல் சீக்கிரம் இறுகும், கரகரப்பானது. தொடையின் உள்கட்டுக்குச் சரி, கோட்டு மடிப்புக்கும் முகத்துக்கும் ஆகாது.

உருவம் இருக்கையிலிருந்து அரை மி.மீ. தூக்கி மிதப்பதுதான் இந்த வேலையில் அதிகம் காணும் குறை. அதைத் தவிர்க்க 6 மி.மீ. உயரம், 9 மி.மீ. ஆழத்தில் பால்சா மரத்தில் ஒரு மாதிரி இருக்கை செய்யுங்கள். மேலே வாஸ்லின் தடவி, ஈரப்புட்டியோடு ஆளை அதில் அழுத்தி உட்காரவைத்து அப்படியே இறுக விடுங்கள். பிறகு வண்டியின் உண்மையான இருக்கையில் 1 மி.மீ. புட்டி மெத்தை பரப்பி, இறுகிய ஆளின் அடியில் வாஸ்லின் தடவி இலேசாக அழுத்தி எடுங்கள். மெத்தையில் பள்ளம் விழும். உடல் கனம் தெரிய அந்தப் பள்ளம் ஒன்றே போதும். வண்ணம் அடிக்குமுன் சோப்பு நீரில் கழுவ மறக்காதீர்கள், வாஸ்லின் மேல் வண்ணம் நிற்காது.

இனி அந்த ஸ்டேஜ்கோச். உங்கள் கிட் கான்கார்டு வகை என்றால் அது 1820களின் பிற்பகுதியில் வந்தது, நெப்போலியன் இறந்தது 1821இல். முன்னும் பின்னும் இருக்கும் தோல் சாமான் பெட்டிகளையும் கூரைக் கம்பியையும் அறுத்தெறியுங்கள். அதன் உடல் நீளவாக்கில் ஓடும் இரு தடித்த தோல் வார்களில் உட்கார்ந்திருக்கும். அதையும் எடுத்துவிட்டு நான்கு மூலையிலும் 'C' வடிவ எஃகு வில்களை நிறுத்தி, அவற்றிலிருந்து வாரால் உடலைத் தொங்கவிட வேண்டும். கண் வடிவில் இரட்டையாக வளைந்த வில்லை வைத்துவிடாதீர்கள். அதற்கு எலியட் என்ற வண்டி செய்பவர் லண்டனில் காப்புரிமை பெற்றது 19ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில்தான். பிரெஞ்சுப் பயண வண்டியில் அதைக் கண்டால் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள்.

வில் செய்ய 8 மி.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயை 1.5 மி.மீ. வளையங்களாக நறுக்கி, மூன்றில் ஒரு பங்கை வெட்டியெடுங்கள். பழைய பேனா உடலே போதும். நான்கு தேவை என்றால் ஆறு நறுக்குங்கள், ஒன்றிரண்டு கட்டாயம் உடையும். வாருக்கு உலோகப் பற்பசைக் குழாயை 1 மி.மீ. பட்டையாக வெட்டினால் தொய்வு இயல்பாக விழும். காகிதப் பட்டை விறைப்பாக நிற்கும்.

சக்கரத்தில் முன்னது சிறியது, பின்னது பெரியது. 1/56இல் முறையே 18, 25 மி.மீ. வைத்துக்கொள்ளலாம். முன்சக்கரம் திரும்பும்போது வண்டிக்கடியில் நுழைய வேண்டும், அதனால்தான் அந்த வேறுபாடு. பீரங்கிச் சக்கரத்தைப் பின்னுக்கும் அதன் லிம்பர் (பீரங்கியை இழுக்க முன்னால் மாட்டும் இருசக்கர வண்டி) சக்கரத்தை முன்னுக்கும் பயன்படுத்தலாம், வட்டையையும் (விளிம்பு) குடத்தையும் (நடுப்பகுதி) மட்டும் மெலிதாக்குங்கள். ஆரக்கால் எண்ணிக்கை இரட்டைப்படையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வட்டைத் துண்டிலும் இரண்டு ஆரங்கள் இறங்கும். ஆறு துண்டு என்றால் 12. ஒற்றைப்படையில் இருந்தால் தச்சு வேலை தெரிந்தவர் உடனே கண்டுபிடிப்பார். நம் ஊர் மாட்டுவண்டிச் சக்கரத்தைப் பார்த்தாலும் இது புரியும்.

குதிரைகளைப் பீரங்கி அணியிலிருந்து எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அங்கே இடப்பக்கக் குதிரைகள் மேல் ஓட்டுநர் ஏறிச் செல்வார், எனவே அவற்றில் சேணம் வார்த்திருக்கும். உங்கள் வண்டியையும் இப்படிக் குதிரைமேல் ஏறி ஓட்டும் போஸ்டிலியன்கள் ஓட்டினால் அப்படியே விடலாம். முன்பலகையில் வண்டிக்காரர் உட்கார்ந்து ஓட்டினால் சேணத்தை அரமிட்டு எடுத்து முதுகைப் புட்டியால் மூட வேண்டும். பேரரசரின் வீட்டுப் பணியாளர் சீருடை பச்சை, தங்கச் சரிகை. நெப்போலியனின் மெய்க்காவலர் ரூஸ்தமை முன்பலகையில் உட்கார வைக்க விரும்பினால் அவருக்கு மம்லூக் உடை.

1815 வண்டியைத்தான் செய்கிறீர்கள் என்றால் விவரம் நிறைய இருக்கிறது. வாட்டர்லூ போர் நடந்த அன்று இரவு பெல்ஜியத்தின் ஜெனாப்பில் பிரஷ்யர்கள் பிடித்த அதை 1816இல் கண்காட்சி நடத்துபவரான வில்லியம் புல்லக் லண்டன் பிக்கடில்லியில் உள்ள எகிப்திய மண்டபத்தில் காட்சிக்கு வைத்தார். பின்னர் மேடம் துஸ்ஸாட் மெழுகுச்சிலைக் காட்சியகத்துக்குப் போய், 1925 தீயில் அழிந்தது. உடல் அடர்நீலம், தங்க ஓரம், கதவில் பேரரசுச் சின்னம். சக்கரமும் அடிச்சட்டமும் செந்தூரச் சிவப்பு. கூரையின் நான்கு மூலையிலும் விளக்கு, பின்னால் உள்ளே ஒளி வீச இன்னொன்று. முன்பக்கம் காலை நீட்டிப் படுக்கும்படி ஒரு நீட்சி உண்டு, அதை விட்டுவிட்டால் அது வேறு வண்டி ஆகிவிடும். சிவப்பைக் கறுப்புப் பூச்சின் மேல் அடிக்காதீர்கள், பழுப்பேறும். இளஞ்சிவப்பு அடித்தளம் போட்டு மேலே இரண்டு மெல்லிய பூச்சு.

ஒட்டும்போது பின் அச்சை முதலில் இறுக்குங்கள். முன் அச்சை ஒற்றை ஆணியில் சுழல விட்டு, தளத்தில் நான்கு சக்கரமும் படிந்த பிறகே பசையிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு சக்கரம் காற்றில் நிற்கும். உள்ளே வண்ணம், மெத்தை, ஆட்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் கூரை. சன்னல் கண்ணாடிக்கு ஃபெவிகுவிக் வகைப் பசை வேண்டாம், அதன் ஆவி வெண்பனி போலப் படியும், ஃபெவிகால் போதும். கடிவாள வாரைக் கடைசியாகக் கட்டுங்கள். வண்டிக்காரரின் கையில் முதலில் ஒட்டி, அது இறுகிய பிறகு குதிரை வாய்க்கு இழுத்தால் தொய்வைச் சரிசெய்ய இடம் இருக்கும்.