கமலா ஹாரிஸ் சொல்லும் 'டிவைன் நைன்' என்பது என்ன? ஒரு கல்லூரிச் சங்கம் அங்கே ஏன் அவ்வளவு பெரிய விஷயம்?

2020 ஆகஸ்ட்டில் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை ஆற்றியபோது கமலா ஹாரிஸ் 'சித்திகள்' என்ற சொல்லைச் சொன்னார். நாம் எல்லோரும் அதைக் கொண்டாடினோம். தன் குடும்பம் யார் யார் என்று சொல்லிக்கொண்டு வந்த அதே இடத்தில் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா, டிவைன் நைன் என்ற பெயர்களையும் சொன்னார். சித்தியோடு சேர்த்துச் சொல்லும் அளவுக்கு அது என்ன சங்கம் என்பதுதானே உங்கள் கேள்வி?

நேரடிப் பதில் சின்னது. அமெரிக்கக் கறுப்பின மாணவர்கள் தொடங்கிய, கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஒன்பது சங்கங்களைத்தான் அப்படி அழைக்கிறார்கள். ஐந்து ஆண்களுக்கு, நான்கு பெண்களுக்கு. இவற்றின் கூட்டமைப்பு 1930-ல் வாஷிங்டனில் உள்ள ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் உருவானது. கமலா சேர்ந்த ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா, 1908-ல் அதே ஹோவார்டில் பெண்கள் தொடங்கியது. ஒன்பதில் மூத்தது ஆண்களுக்கான ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா. எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது இதுதான். மேரிலாந்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் ஒருவர் அதன் உறுப்பினர். அவர் சொல்லித்தான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா தொடங்கிய இடம் நியூயார்க் மாநிலத்தில் இத்தாக்கா என்ற சிறிய ஊர். அங்கே கார்னெல் பல்கலைக்கழகம். 1904-05 கல்வியாண்டில் படித்த கறுப்பின மாணவர்களில் ஆறு பேர் அடுத்த ஆண்டு திரும்பி வரவில்லை. மொத்தமே விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்கள், அதில் ஆறு பேர் போய்விட்டார்கள் என்றால் யோசித்துப் பாருங்கள். வெள்ளை மாணவர்களுக்குச் சங்கங்கள் இருந்தன, சங்கத்துக்குச் சொந்த வீடு இருந்தது. சீனியர் குறிப்பு கொடுப்பார், பழைய வினாத்தாள் கிடைக்கும், சாப்பாட்டு மேசையில் நாலு பேர் இருப்பார்கள். கறுப்பின மாணவர்களுக்கு அந்தக் கதவுகள் திறக்கவில்லை. ஊருக்குள் இருந்த கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில் தங்கிப் படித்தார்கள். சங்க வீடுகளில் பரிமாறும் வேலை செய்து சம்பாதித்தவர்களும் உண்டு. சங்கம் என்றால் என்ன, அது உள்ளே இருப்பவனுக்கு என்ன செய்கிறது என்பதைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தவர்கள் அவர்கள்.

மிச்சமிருந்தவர்கள் முதலில் ஒரு படிப்பு வட்டம் தொடங்கினார்கள். யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் படிப்பது, விவாதிப்பது. அது வாசகர் வட்டமாகவே இருக்கட்டும் என்று ஒரு பக்கம், முழுச் சங்கமாக மாற வேண்டும் என்று இன்னொரு பக்கம். பேசிப் பேசி, 1906 டிசம்பர் 4 அன்று சங்கம் என்றே முடிவானது. நிறுவனர்கள் ஏழு பேர். உறுப்பினர்கள் அவர்களை 'ஜுவல்ஸ்' என்கிறார்கள். ஏழு பேரும் பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்று பார்ப்பது எனக்குப் பிடிக்கும். வெர்ட்னர் டாண்டி நியூயார்க்கில் பதிவு பெற்ற முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞர் ஆனார். கூந்தல் பராமரிப்புப் பொருள் விற்றுப் பெரும் செல்வம் சேர்த்த மேடம் சி.ஜே. வாக்கருக்கு மாளிகை கட்டியவர் அவர்தான். யூஜின் கிங்கிள் ஜோன்ஸ், நகரங்களில் வாழும் கறுப்பினத்தவருக்காக உழைக்கும் நேஷனல் அர்பன் லீக் என்ற அமைப்பை நடத்தினார். ஹென்றி காலிஸ் மருத்துவரானார். எழுவரில் கடைசியாக மறைந்தவர் அவர், 1974-ல்.

அந்தப் படிப்பு வட்டத்திலிருந்து இந்தச் சங்கம் எவ்வளவு தூரம் போனது என்று சொன்னால்தான் 'ஏன் பெரிய விஷயம்' என்பதற்குப் பதில் கிடைக்கும். அறிஞர் டு பாய்ஸ், பாடகர் பால் ராப்சன், ஓட்டப்பந்தய வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ், ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டன் எல்லோரும் இதன் உறுப்பினர்கள். மார்ட்டின் லூதர் கிங் 1952-ல் பாஸ்டனில் படிக்கும்போது சேர்ந்தார். பெயர்ப் பட்டியலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வழக்குகள். 1935-ல் மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி டொனால்ட் மர்ரே என்ற கறுப்பின மாணவரைச் சேர்க்க மறுத்தபோது, அந்த வழக்கை முதலில் கையில் எடுத்தது இந்தச் சங்கம். வாதாடிய சார்ல்ஸ் ஹூஸ்டன், தர்குட் மார்ஷல் இருவருமே இதன் உறுப்பினர்கள். மர்ரே ஜெயித்தார். மார்ஷல் 1967-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனார்.

இன்னொரு வழக்கை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. 1942-ல் எல்மர் ஹெண்டர்சன் என்ற மத்திய அரசு ஊழியர் வாஷிங்டனிலிருந்து அலபாமாவுக்கு ரயிலில் போகிறார். உணவுப் பெட்டியில் கறுப்பினத்தவருக்கென்று சமையலறை ஓரமாக இரண்டு மேசை, நடுவில் திரை. அந்த மேசைகளிலும் வெள்ளையர் உட்கார்ந்துவிட்டதால், இடம் வந்ததும் கூப்பிடுகிறோம் என்று அவரை அனுப்பிவிட்டார்கள். கடைசி வரை கூப்பிடவில்லை. அவரும் இந்தச் சங்கத்துக்காரர். சங்கம் பின்னால் நின்றது, சங்கத் தலைவராக இருந்த பெல்ஃபர்ட் லாசன் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார், 1950-ல் தீர்ப்பு ஹெண்டர்சன் பக்கம் வந்தது. தனித்தனிப் பந்தி என்றால் என்ன என்று தெரிந்த நமக்கு அந்தத் திரை நன்றாகவே புரியும்.

வாஷிங்டனில் உள்ள கிங் நினைவிடமும் இந்தச் சங்கத்தின் முயற்சிதான். 1980-களில் சில உறுப்பினர்கள் பேச ஆரம்பித்த யோசனை. 1996-ல் நாடாளுமன்றம் அனுமதித்தது, 2011 அக்டோபர் 16 அன்று அர்ப்பணிப்பு விழா நடந்தது. அப்புறம் பல தடவை போயிருக்கிறேன். முதல் தடவை அழைத்துப்போனவர் அந்தப் பெரியவர்தான்.

சரி, உறுப்பினர் ஆவது எப்படி? கல்லூரியில் படிக்கும்போது சேரலாம், பட்டம் வாங்கியவர்கள் சேர்வதற்குத் தனிக் கிளைகளும் உண்டு. மதிப்பெண், சமூக சேவை, பரிந்துரை எல்லாம் பார்ப்பார்கள். 1940-களில் இருந்து மற்ற இனத்தவரையும் சேர்க்கிறார்கள். இதுவரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். சேர்ந்தால் ஆயுள் முழுக்க உறுப்பினர். கல்லூரியோடு முடிந்துவிடும் உறவாக யாரும் இதை நினைப்பதில்லை. என் பக்கத்து மேசைக்காரர் அறுபது வயதிலும் சனிக்கிழமை காலைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்பக் கற்றுக்கொடுப்பார், தேர்தல் வருஷங்களில் கடைவாசலில் மேசை போட்டு வாக்காளர் பதிவு செய்வார். 'ஓட்டில்லாத மக்கள் நம்பிக்கையில்லாத மக்கள்' என்பது 1930-களிலிருந்து இவர்கள் சொல்லிவரும் வாசகம். என் மகளின் கல்லூரி விண்ணப்பக் கட்டுரையை மூன்று தடவை திருத்திக் கொடுத்தவரும் அவர்தான். அவருக்கு நாங்கள் யார்?

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. புதியவர்களை வதைக்கும் ராகிங் இந்தச் சங்கங்களிலும் இருந்தது. 1989-ல் மோர்ஹவுஸ் கல்லூரியில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவில் சேர வந்த மாணவர் ஒருவர் இறந்தே போனார். அடுத்த வருஷம், அப்போது கூட்டமைப்பில் இருந்த எட்டு சங்கங்களும் (ஒன்பதாவது பிறகுதான் சேர்ந்தது) அந்தப் பழைய சேர்க்கை முறையையே ஒழிப்பதாக அறிவித்தன. அதற்குப் பிறகும் ரகசியமாகத் தொடர்ந்த இடங்கள் உண்டு. பெரியவரிடம் இதைக் கேட்டபோது அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "ஒருத்தனும் கல்லூரியை விட்டுப் போகக் கூடாது என்று தொடங்கிய சங்கத்தில் ஒரு பிள்ளை செத்தது பாவம்" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான்.

கிளைகளுக்குக் கிரேக்க எழுத்துகளை வரிசையாகப் பெயர் வைப்பார்கள். கார்னெல் ஆல்ஃபா, ஹோவார்ட் பீட்டா என்று போகும். கடைசி எழுத்தான ஒமேகா மட்டும் எந்தக் கல்லூரிக்கும் கிடையாது. அது இறந்துபோன உறுப்பினர்களின் கிளை. அடிமை முறையை எதிர்த்துப் போராடி 1895-லேயே மறைந்த ஃபிரெடரிக் டக்ளஸை 1921-ல் அந்தக் கிளையில்தான் சேர்த்தார்கள்.

போன வருஷம் பெரியவர் காலமானார். அஞ்சலிக்கு நானும் மகளும் போயிருந்தோம். எண்பது வயதுக்காரரிலிருந்து கல்லூரிப் பையன் வரை சங்கத்துக்காரர்கள் சுற்றி நின்றார்கள். இருப்பதிலேயே இளையவனாகத் தெரிந்த ஒரு பையன் அவருடைய பெயரையும், சேர்ந்த வருஷத்தையும், கிளையையும் படித்துவிட்டு, இன்று முதல் இவர் ஒமேகா கிளை என்று சொல்லி உட்கார்ந்தான்.